காதுப்பூட்டு

“சந்தேகப்பட்டது சரியாத்தானே இருந்துச்சு” என்று மணமுறிவு கிடைத்த அன்று வெயினி சொன்னாள்.

“ஒருக்கா சரியா இருந்துச்சுங்கறதுக்காக ஆயுசு பூராவுமாக்கா?” என்றாள் தங்கை பூங்கொடி. “காப்பியை ஆற வெச்சு ஆராய்ச்சி பண்ணாதே. சூடா இருக்கறப்பவே குடி.”

சொன்ன கையோடு பூங்கொடி அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போய், இடது காதுக்குப் பின்னால் மிளகளவில் ஓர் ஐயநீக்கியைப் பொருத்திவிட்டாள். மணமுறிவு பெற்றவர்களில் அது இல்லாத காதை இப்போது கோயம்புத்தூரில் பார்ப்பது அரிது. ஒரு கவலை மனத்துக்குள் சுழலத் தொடங்கி, சொல்லாக உருப்பெறும் முன்பே அது பிடித்துக் கரைத்துவிடும். கரைத்த இடத்தில் ஒரு நொடி பனிக்கட்டி பட்டது போலக் குளிரும். அவ்வளவுதான். என்ன கவலை என்பது தெரியாது.

முதல் கணவனுக்கு வேறொரு குடும்பம் இருந்ததை ஆறு வருடம் சந்தேகப்பட்டே கண்டுபிடித்தவள் வெயினி. அவளுக்கு அந்தக் குளிர் வரமாக வந்தது. தென்னவனைச் சந்தித்தபோது அவள் எதையும் அலசவில்லை. குளக்கரையில் அவனோடு மக்காச்சோளம் தின்றாள். பிறந்தநாளை அவன் மறந்தபோது சிரித்தாள். அவனும் மணமுறிவு பெற்றவன், அவன் காதிலும் அந்த மிளகு இருந்தது. இரண்டு குளிர்ந்த காதுகளும் நன்றாகவே ஒத்துப்போயின.

திருமணத்துக்கு முன் காதுப்பூட்டு என்றொரு சடங்கு இப்போது வந்திருக்கிறது. இருவரின் ஐயநீக்கிகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுவார்கள். அதன் பிறகு இருவராலும் அதைக் கழற்ற முடியாது. இருவரில் யாராவது முன்பே கழற்றியிருந்தாலும் சடங்கன்று புதிதாகப் பொருத்திவிடுவார்கள். சடங்குக்குச் சில வாரங்கள் முன்பே பெண் வீட்டார் சீராக, பெண்ணின் ஐயநீக்கியின் வீரியத்தைக் கூட்டிக் கொடுப்பார்கள். பூங்கொடி அதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. அளவு கூடினால், கவலையைக் கிளப்பிய பேச்சும் சில சமயம் சேர்ந்தே கரைந்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையைக் கேட்டபோதே வெயினிக்குக் காது குளிர்ந்தது.

வீரியம் கூட்டிய பிறகுதான் ஏதோ சரியில்லாமல் போனது. தென்னவனின் கண்ணடியில் கருமை படர்ந்தது. பேச்சின் நடுவே அவன் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவன் போல அவளையே பார்ப்பான். உடனே அவள் காது குளிரும். ஒரே மாலையில் மூன்று முறைகூடக் குளிர்ந்தது. தன்னிடமிருந்து எதுவோ எடுக்கப்படுகிறது என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. வீட்டுக்குள் யாரோ நடமாடும் ஓசை கேட்கிறது, விளக்கைப் போட்டால் ஆள் இல்லை. அப்படி இருந்தது.

அவனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று அவள் நினைத்து எத்தனையோ நாளாயிற்று. ஆனால் கேட்க வாயெடுக்கும்போது பயம் வரும், பயம் வந்தால் குளிர் வரும், குளிர் வந்தால் கேள்வி போய்விடும். கழற்றலாம் என்று கை காதுக்குப் போகும். பாதி வழியில், எதற்காகத் தூக்கினோம் என்று தெரியாமல் முடியைக் கோதிவிட்டு இறங்கும்.

விடிந்தால் காதுப்பூட்டு என்ற ஞாயிற்றுக்கிழமை மாலையில், சட்னிக்குத் தாளிக்கும்போது அவளுக்கு ஒரு வழி பிடிபட்டது. பயத்தைத்தானே இந்த மிளகு மோப்பம் பிடிக்கிறது? உப்புக் கேட்கிற குரலில் கேட்டால்?

“அந்தக் கொத்தமல்லிய எடுங்க.”

பக்கத்தில் நின்ற தென்னவன் எடுத்துக் கொடுத்தான்.

“சன்னலைக் கொஞ்சம் தெறந்து விடுங்க.”

திறந்தான்.

கடுகு வெடித்தது. வெயினி கரண்டியிலிருந்து கண்ணெடுக்காமல், அதே குரலில், ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். “நாளைக்குப் போறதுக்கு முன்னால, நாம ரெண்டு பேரும் இதைக் கழட்டி வெச்சுட்டு, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டுக் கொஞ்ச நேரம் உக்காரலாமுங்க.”

காது குளிரவில்லை. சொல்லிவிட்டாள்.

தென்னவன் சன்னலை விட்டு அவளருகே வந்தான். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிக் காட்டினான். காதுக்குப் பின்னால் மிளகு இல்லை. வெளிறிய சிறு தழும்புதான் இருந்தது.

“உங்களுக்கு வீரியம் கூட்டின அன்னைக்கே நான் கழட்டிட்டனுங்க” என்றான். “தூக்கம் போச்சு. எல்லாச் சந்தேகமும் வந்துச்சு. அத்தனையும் வந்ததுக்கப்புறமும் நீங்கதான் வேணும்னு இருந்துச்சு. அதைச் சொல்லி, உங்களையும் கழட்டச் சொல்லி தெனமும் கேக்கறனுங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க சிரிச்சுட்டு…”

தினமுமா? அப்படியென்றால் இத்தனை நாளும் அவள்…

காதுக்குப் பின்னால் பனிக்கட்டி பட்டது.

வெயினி அடுப்பைத் தணித்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏனுங்க, கண்ணு கலங்குது? தாளிச்ச காரமா? அந்தக் கொத்தமல்லிய எடுங்க.”