நீல ஒளிக்கான ஆண்டுத் திட்டம்

ஊழியர்களின் காதுக்குப் பின்னால் கற்றல்மானி ஒட்டப்பட்ட முதல் நாளே, கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த நிலையத்தின் மானம் போயிற்று.

பொட்டு அளவுள்ள அந்தப் பட்டை, மூளை எதையாவது உண்மையாகவே கற்றுக்கொள்ளும் கணத்தில் மட்டும் நீலமாக ஒளிரும். தலையாட்டினால் ஒளிராது. குறிப்பெடுத்தாலும் ஒளிராது. பயிற்சித் துறைத் தலைவர் தயாளன் அன்று ‘செயற்கை நுண்ணறிவோடு கைகோப்போம்’ என்ற தலைப்பில் மூன்று மணி நேரம் பேசினார். முன்னால் முந்நூறு ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒளிர்ந்தது ஒரே ஒரு காது. அரங்கின் பின்கதவு சத்தமில்லாமல் திறக்கும் என்பதை ஒருவர் கண்டுபிடித்த நேரம் அது.

தயாளன் இருபது ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருபவர். பம்பு அறைக்குள் இரண்டே முறை போயிருக்கிறார், இரண்டும் புகைப்படத்துக்காக. மறுநாள் அவர் திட்டமிடியிடம் கேட்டார். ஊழியர் ஒவ்வொருவருக்கும் பயிற்சி வகுப்பதற்காக நிறுவனம் வாங்கியிருந்த செயற்கை நுண்ணறிவு அது.

“இங்கே யாருமே எதையும் கற்பதில்லையா?”

“கற்கிறார்கள். மூன்றாம் பம்பு அறையில், ஜெசிந்தாவின் பணிநேரத்தில்.”

தயாளன் மூன்றாம் முறையாக உள்ளே போனார். அங்கே முப்பத்தெட்டு வயது ஜெசிந்தா, மூடப்பட்ட அனல்மின் நிலையத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த இசக்கிமுத்துவைப் பம்பின் முன் நிறுத்தியிருந்தாள். அவர் அவளைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர்.

“அண்ணாச்சி, திரையப் பாக்காதிய. காதக் குடுங்க. என்ன சத்தம் கேக்கு?”

“எப்பவும் உள்ள சத்தம்தான்.”

“நல்லாக் கேளுங்க. உள்ள கூழாங்கல் உருளுத மாதிரி இல்ல?”

இசக்கிமுத்து குனிந்தார். “ஆமா, கேக்கு.”

“பம்புக்குத் தண்ணி பத்தல. வர்ற வழியில ஏதோ அடைச்சிருக்கு. இப்ப என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். தப்பாச் செஞ்சா பம்பு போயிரும். யோசிச்சுச் செய்ங்க.”

அவள் கையைக் கட்டிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினாள். இசக்கிமுத்துவின் கை வால்வுக்குப் போய்த் திரும்பி, கடைசியில் பம்பின் வேகத்தைக் குறைத்தது. சத்தம் அடங்கியது. அவர் காதுக்குப் பின்னால் நீலம் பளிச்சிட்டது.

பார்த்ததிலிருந்து தயாளன் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஜெசிந்தாவின் குரலில் ஏதோ இருக்கிறது.

அந்தக் குரலைப் பதிவு செய்தார்கள். அதிலிருந்து ‘செவித்தோழி’ பிறந்தது. எல்லார் காதிலும் நாள் முழுக்கப் பேசும் இயந்திர ஜெசிந்தா. கடுஞ்சொல் கூடாது என்று மனிதவளத் துறை சொன்னது, நீக்கினார்கள். ஊழியரை மனம் தளரச் செய்யும் கேள்விகள் கூடாது என்றது, அவற்றையும் நீக்கினார்கள். நிஜப் பம்பில் யாரும் தன்னிச்சையாகக் கைவைக்கக் கூடாது என்றும் ஒரு விதி வந்தது. மிஞ்சியது பாராட்டு மட்டும்.

ஒரு காதும் ஒளிரவில்லை. ஆனால் ஊழியர்கள் முட்டாள்களல்லர். மேசைக்கடியில் புதிது புதிதாக விடுகதை போட்டு விடை கண்டுபிடித்தால் மானி ஒளிர்கிறது என்று பார்த்துவிட்டார்கள். இரண்டே மாதத்தில் நிலையம் முழுக்க நீலமயம். தயாளனுக்குக் கேடயம் கிடைத்தது. அதை வாங்கும்போது அவர் கண்கலங்கினார், உண்மையாகவே.

ஜெசிந்தாவின் காது மட்டும் ஒளிரவேயில்லை. பம்பைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை, விடுகதைக்கு நேரமும் இல்லை. ‘கற்கும் திறன் இழந்தவர்’ என்று எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“பதினோரு வருசமா இந்தப் பம்பு நிக்காம ஓடுதே, அது எந்தக் கணக்குல சார் வருது?” என்று கேட்டாள்.

“அது பம்பின் செயல்திறன்மா. நாங்க உங்க செயல்திறனைப் பாக்கிறோம்,” என்றார் தயாளன்.

அடுத்த மாதம் கடலில் சொறிமீன்கள் எனப்படும் ஜெல்லிமீன்கள் கூட்டங்கூட்டமாக வந்து, நீர் உறிஞ்சும் குழாயை அடைத்தன. அளவுமானியின் மீதும் அப்பிக்கொண்டதால் திரை எல்லாம் நலம் என்றே காட்டியது. இசக்கிமுத்துவுக்குச் சத்தம் கேட்டது.

“உள்ள கூழாங்கல் உருளுது,” என்றார். “வேகத்தக் குறைக்கவா?”

“மிகச் சிறப்பாகக் கவனித்தீர்கள்!” என்றது செவித்தோழி. “இந்த ஆர்வம் தொடரட்டும்! அனுமதிக் கோரிக்கை அனுப்பப்பட்டுள்ளது.”

அவர் அனுமதிக்காகக் காத்திருந்தார். ஏழாவது நிமிடத்தில் பம்பு வெடித்தது. உடைந்த இரும்புத்துண்டு அவருடைய வலது தோள்பட்டையை நொறுக்கிற்று. அறை முழுக்க உப்புத்தண்ணீர். ஊழியர்கள் ஓடிவந்தார்கள். எந்த வால்வு எங்கே இருக்கிறதென்று தேடி, தவறானதை மூடி, திறந்து, மறுபடி மூடினார்கள். ஊருக்கு நான்கு நாள் தண்ணீர் வரவில்லை. இசக்கிமுத்துவின் கை அதன்பின் தலைக்குமேல் எழவில்லை.

விசாரணைக் கூட்டத்தில் திட்டமிடியின் அறிக்கையை நிர்வாக இயக்குநர் இரண்டு முறை படித்தார். விபத்து நடந்த நாளில் எல்லார் காதும் ஒருசேர ஒளிர்ந்திருந்தது. நிலையத்தின் வரலாற்றிலேயே அதிகமான கற்றல் பம்பு வெடித்த பிறகு வந்த நாற்பது நிமிடங்களில்தான்.

“அப்போ பயனுள்ள பயிற்சின்னா இதுதானே?” என்றார் இயக்குநர்.

தயாளன் வழக்கம்போல் தலையாட்டினார்.

ஆண்டுத் திட்டம் ஒரே வாரத்தில் தயாரானது. மாதம் ஒரு பழுது. நிஜமான பம்பில், முன்னறிவிப்பு இல்லாமல், பயிற்சி பெறுபவர் தனியாக. முதல் மாதத்துக்கு, நிலையத்திலேயே மிகக் குறைவாகக் கற்றவரைத் திட்டமிடி தேர்ந்தெடுத்திருந்தது. பட்டியலைத் திறந்த தயாளன் அதில் தன் பெயரைப் பார்த்தார்.

அன்று மதியமே ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்ன சார், இவ்வளவு தூரம் வந்திருக்கிய?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். “ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தாப் போதும்மா.”

“பம்ப எப்ப உங்க கையில குடுக்காங்க?”

“இந்த மாசத்துல எப்ப வேணாலும். தேதி சொல்ல மாட்டாங்க.”

ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். அவரைத் தாண்டித் தெருவுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

“ஏட்டி ரோஸ்லின்! இருக்க கொடத்தயெல்லாம் எடுத்துத் தண்ணி பிடிச்சு வையி. தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிரு. இந்த மாசம் பம்ப நம்ம சார் பாக்கப் போறாராம்!”