லோர்னாவின் ஆணி

லோர்னா வண்டியை நிறுத்தியபோது வேட்டைக் கேம்ப் வீட்டின் புகைபோக்கியிலிருந்து புகை ஏறிக்கொண்டிருந்தது. கேம்ப்பின் மூத்தவர் ஆர்வில் முன்கூட்டியே வந்து அடுப்பு மூட்டியிருந்தார். படியில் சேறு அப்பிய பூட்ஸ் இரண்டு ஜோடி கிடந்தன. ஒன்று ஆர்விலுடையது. இன்னொன்றின் குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். எம்மெட் வந்துவிட்டான்.

வருவான் என்று தெரிந்துதான் வந்திருந்தாள்.

இரண்டு வசந்தங்களுக்கு முன்னால், இதே காட்டில், எம்மெட் அவள் கணவன் கிளைடைச் சுட்டுக் கொன்றான். வேண்டுமென்று செய்யவில்லை. கிளைட் ஒரு வெள்ளோக் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து, சேவலை வரவழைக்க, தன் கையடக்க மரப்பெட்டியின் மூடியைத் தேய்த்துப் பெட்டை வான்கோழிபோலக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுசரிவில் இருந்த எம்மெட் அதை நிஜப் பெட்டை என்று நம்பி, அதைத் தேடிச் சேவலும் வரும் என்று சத்தத்தை நோக்கி ஊர்ந்து போனான். வான்கோழி வேட்டைக்காரர்கள் செய்யவே கூடாத காரியம் அது. கிளைட் மூக்கைத் துடைக்கச் சிவப்புக் கைக்குட்டையை எடுத்தான். வசந்தத்தில் சேவலின் தலையும் அதே சிவப்பு.

இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர்கள். கோர்ட்டு எம்மெட்டின் வேட்டை உரிமத்தை இரண்டு வருடத்துக்குப் பறித்தது. தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, மன்னித்துவிட்டதாக லோர்னா சொன்னாள். பலர் அழுதார்கள். அவள் மட்டும் அழவில்லை. அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். உள்ளே எதையும் தொடாமல் வந்தது அது.

இந்த வருடம் எம்மெட்டின் தடை முடிந்தது. "பழையபடி எல்லாரும் சேர்ந்து போவோம்" என்று ஆர்வில் போன் செய்தபோது, சரி என்றாள். ஏன் சரி என்றோம் என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். பதில் தெரிந்திருந்தது. தெரிந்த பதிலைப் பார்க்காமல் இருக்கத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

காட்டில் ஒரு தவறு நடந்தால் ஊர் நம்பும். ஒருமுறை நம்பியிருக்கிறது.

உள்ளே கரியும் எலிப்புழுக்கையும் பன்றிக்கொழுப்பும் கலந்த பழைய வாசம். எம்மெட் எழுந்து தொப்பியைக் கழற்றினான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"வா லோர்னா."

"வந்துட்டேன்ல."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். மிச்சப் பேச்சையெல்லாம் ஆர்வில் எடுத்துக்கொண்டார். எழுபதைத் தாண்டிய மனிதர், முழங்கால் மட்டும்தான் தளர்ந்திருந்தது, நாக்கு தளரவில்லை. மான்கறியும் பீன்ஸும் போட்டுக் காரமாகக் கொதிக்கவைத்த குழம்பையும் சோளரொட்டியையும் மேஜையில் வைத்துவிட்டுத் தன் வழக்கமான கதையை ஆரம்பித்தார்.

"எட்டுக் கிளை கொம்பு. இதோ இந்த அடுப்பு இருக்கிற தூரத்துல நிக்குது. நான் துப்பாக்கியைத் தூக்குறேன், தோட்டா ஏத்துற கைப்பிடிய நெம்புறேன், தோட்டா வெளிய விழுது. மறுபடி நெம்புறேன், அடுத்ததும் விழுது. விசையை மட்டும் தொடவே இல்ல. எல்லாத் தோட்டாவும் காலடியில கிடக்கு, மானு என்னைப் பாத்துட்டு நிக்குது."

"போன தடவை ஆறு கிளைன்னு சொன்னீங்க பெருசு," என்றான் எம்மெட்.

"வளர்ந்திருச்சுடா. நல்லாத் தின்னு வளர்ற மானு."

லோர்னாவுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை எம்மெட் பார்த்துவிட்டதும் அது நின்றுபோனது.

ஆர்வில் கரண்டியால் சுவரைக் காட்டினார். அங்கே மாட்டியிருந்த மான்கொம்புகளுக்குக் கீழே வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் துணித்துண்டு. குறி தவறியவனின் சட்டையில் பின்னால் தொங்கும் வாலை வெட்டித் தொங்கவிடுவது இந்தக் கேம்ப்பின் வழக்கம். மானானாலும் வான்கோழியானாலும் தப்பமுடியாது. வெட்டுவது எப்போதும் கிளைடின் வேலை. நொட்டாங்கைக்காரன் என்பதால் அவன் வெட்டிய துண்டுகள் எல்லாம் ஒருபக்கமாகச் சரிந்திருக்கும்.

"இதுல ஏழு என்னோடது," என்றார் ஆர்வில். "அந்தப் பாவிப்பய கிளைடு, அழுதாலும் விடமாட்டான். நல்ல சட்டையா இருந்தா இன்னும் பெருசா வெட்டுவான்."

வரிசையின் கடைசி ஆணி காலியாக இருந்தது. அது லோர்னாவுடையது. கேம்ப்பில் குறி தவறாத ஒரே ஆள் அவள்தான். கல்யாணமான முதல் வருடம், அவள் ஒரே குண்டில் மானை வீழ்த்திய அன்று, கிளைட் சிரித்துக்கொண்டே அந்த ஆணியை அடித்தான். "இருக்கட்டும்டி. ஒரு நாள் உன் சட்டை வாலும் இதுல ஆடும். நான் காத்திருக்கேன்."

ஆணி துருப்பிடித்துவிட்டது.

"நாளைக்கு எம்மெட் ஓடைப்பக்கம். லோர்னா, நீ மேல் முகட்டுக்குப் போம்மா," என்றார் ஆர்வில். "நடுவுல…" என்று இழுத்து நிறுத்தினார். நடுவில் அந்த வெள்ளோக் இருந்தது. அங்கே யாரும் போவதில்லை. "யாராச்சும் கிட்ட வர்ற மாதிரி இருந்தா அசையாதீங்க, கை ஆட்டாதீங்க. வாயத் தொறந்து மனுசக் குரல்ல, இங்க ஆள் இருக்குன்னு சொல்லுங்க. வெக்கப்படாம சத்தமாச் சொல்லணும். அது ஒண்ணுதான் உசுரக் காப்பாத்தும்."

கிளைட் அன்று அதைச் சொல்லவில்லை. சொல்ல நேரம் கிடைக்கவில்லையோ, வருவது சேவல்தான் என்று அவனும் நம்பினானோ. எம்மெட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விடியுமுன் கிளம்பினாள். கடுகு மஞ்சள் கட்டம்போட்ட சட்டையை ஜீன்ஸுக்குள் செருகி, அதன்மேல் இலைநிறக் கோட்டை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பல் கிட்டும் குளிர். ஈர இலை மட்கும் வாசம். நடக்க நடக்கத் தன் மூச்சு தனக்கே அந்நியமாகக் கேட்டது.

முகட்டில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். கீழ்வானம் சாம்பலானது. ஓர் ஆந்தை கத்தியது. அதற்குப் பதில் சொல்வதுபோல உயர மரத்தில் எங்கோ ஒரு வான்கோழிச் சேவல் தொண்டை கிழியக் கூவியது. மற்ற வருடங்களில் அந்தக் கூவல் அவள் முதுகெலும்பில் ஏறும். இன்று உடம்பு வேறு ஒன்றுக்குக் காத்திருந்தது.

பிறகு அது கேட்டது.

பெட்டையின் குரல். ஒரு தரம். இன்னொரு தரம். மூன்றாவது பாதியில் உடைந்து, கீச்சென்று முடிந்தது.

லோர்னா அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

கிளைடின் மரப்பெட்டி மூடியில் ஒரு விரிசல் இருந்தது. மூன்றாவது தேய்ப்பில் மட்டும் ஒலி உடையும். வேறு பெட்டி வாங்கு என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கமாட்டான். உலகத்தில் வேறெந்தப் பெட்டியும் அப்படிக் கூப்பிடாது.

அந்தப் பெட்டியைச் சவப்பெட்டிக்குள், அவன் கைக்கடியில், அவளே வைத்தாள்.

மறுபடி கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது உடைந்தது. கீழே, வெள்ளோக் இருக்கும் திசையில்.

எம்மெட்தான், என்று நினைத்தாள். அதே மாதிரி ஒரு பெட்டியை விரிசல்விட வைத்து, அங்கேயே உட்கார்ந்து கூப்பிடுகிறான். அந்த நினைப்பு எவ்வளவு பொருத்தமில்லாதது என்று தெரிந்தது. தெரிந்தும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பயப்படுவதைவிடக் கோபப்படுவது சுலபமாக இருந்தது.

எழுந்தாள். சத்தத்தை நோக்கிப் போகக்கூடாது என்று புதிதாக வேட்டைக்கு வரும் பெண்களுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள். கால்கள் போயின. குதிகாலை முதலில் ஊன்றி, சுள்ளி முறியாமல், ஒவ்வொரு மரமாக மறைந்து. எம்மெட்டும் அன்று இப்படித்தான் வந்திருப்பான். இதே சரிவு, இதே ஈரம். இந்த நினைப்பு வந்தபோதும் அவள் நிற்கவில்லை.

அவள் நெருங்க நெருங்க, கூப்பாடு நெருங்காமல் அதே தூரத்திலேயே இருந்தது. முன்னால் போய்க் கூட்டிக்கொண்டு போவதுபோல.

சேவலின் கூவல் நின்றுவிட்டது. ஆந்தையின் கத்தலும் நின்றுவிட்டது.

வெள்ளோக் தெரிந்தது. பனிமூட்டத்தில் அதன் அடி மட்டும் கறுப்பாக நின்றது. அடியில் ஏதோ அசைந்தது.

துப்பாக்கி தானாகத் தோளுக்கு வந்தது.

சிவப்பு எதுவும் இல்லை. பிற்பாடு எத்தனை தரம் யோசித்தாலும் அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. சிவப்பு இல்லை, இறகு இல்லை. மரத்தின் பக்கவாட்டில் நீட்டியிருந்த ஒரு பூட்ஸ். வெளிப்பக்கமாகத் தேய்ந்து சாய்ந்த குதிகால்.

பார்த்தாள். யாருடையது என்று தெரிந்தது.

விரல் விசையில் இருந்தது. விரல் நிற்கவில்லை.

அப்போது அவள் பின்கழுத்தில் வெதுவெதுப்பான மூச்சு பட்டது. கிளைட் எப்போதும் மென்றுகொண்டிருந்த, புதினா கலந்த புகையிலையின் வாசம். காதுக்கு அருகே, நிதானமாக, வெட்கப்படாத மனுசக் குரல்.

"இங்க மனுசன் இருக்கேன்."

துப்பாக்கி வெடித்தது.

எதிரொலி ஓடைவரை உருண்டு போய் அடங்கியது. வெள்ளோக்கின் பட்டை சிதறி, கீழே உட்கார்ந்திருந்தவன் தொப்பியில் விழுந்துகொண்டிருந்தது. லோர்னா திரும்பிப் பார்த்தாள். பின்னால் மரங்கள். பனி. அவள் வந்த தடத்தில் மிதிபட்ட இலைகள் மட்டும்.

எம்மெட் எழுந்திருக்கவில்லை. அவளைப் பார்த்தான். முகத்தில் திடுக்கிடல்கூட இல்லை.

"தள்ளிப்போச்சா?" என்றான்.

அவள் துப்பாக்கியைத் தாழ்த்தினாள்.

"இன்னொரு தோட்டா இருக்கும்ல உள்ள."

"எம்மெட்."

"நான் அசையமாட்டேன்."

அவள் துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களைத் தரையில் கொட்டினாள். ஒன்று சரிவில் உருண்டு போனது. பிறகுதான் அவன் மடியில் கிடந்த துப்பாக்கியைக் கவனித்தாள். அதன் அறை திறந்து காலியாக இருந்தது.

"குண்டு போடல," என்றான். "கொண்டுவரவே இல்ல. சும்மா இங்க வந்து உக்காரணும்னு தோணுச்சு. ஆர்வில்கிட்ட சொல்லிடாத."

"நீ கூப்பிட்டியா? பெட்டில?"

"என்கிட்ட ஏது பெட்டி? அன்னிக்கே எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டேன்." நிறுத்தினான். "நீதான் கூப்பிடுறேன்னு நெனச்சேன். மூணாவது உடையற மாதிரி. என்னை வதைக்கறதுக்காக."

"அப்போ, மனுசன் இருக்கேன்னு சத்தம் போட்டது?"

எம்மெட் அவள் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

"நான் வாயே தொறக்கல லோர்னா."

இருவரும் திரும்பினார்கள். ஒருவரை ஒருவர் முன்னால் விடாமல், பின்னாலும் விடாமல், பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். வழியெல்லாம் அந்த வாசம் கூட வந்தது. ஓடையைத் தாண்டியதும் நின்றது.

கேம்ப் வீட்டு வாசலில் ஆர்வில் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார்.

"ஒரு வெடி கேட்டுச்சே. யாரோடது?"

லோர்னா பேச வாயெடுத்தாள். எம்மெட் முந்திக்கொண்டான்.

"அவளோடதுதான். நல்ல சேவல். தப்பிச்சிருச்சு."

ஆர்வில் அவளைப் பார்த்தார். கிழவர் முகத்தில் சந்தோஷம் மெல்ல மெல்லப் பரவியது.

"லோர்னா? குறி தவறினியா? நம்ம லோர்னாவா?" கோப்பையைப் படியில் வைத்துவிட்டுப் பையிலிருந்து கத்தியை எடுத்தார். "எத்தனை வருசமாக் காத்துக்கிட்டிருக்கான் அந்தப் பய. அவன் இல்லாட்டி என்ன, அவனுக்காக நான் வெட்டுறேன். உள்ள வா. கோட்டைக் கழட்டு."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. அடுப்பருகே நின்று ஜிப்பைக் கீழே இழுத்தாள். சட்டை காலையில் செருகியபடியே இறுக்கமாக இருந்தது. பின்பக்கம் கைவிட்டு வாலை வெளியே உருவப் போனாள்.

கையில் துணி வரவில்லை.

"என்னம்மா இது," என்றார் ஆர்வில். குரலில் சிரிப்பு இறங்கிவிட்டிருந்தது. "யாரு வெட்டினது?"

லோர்னா தடவிப் பார்த்தாள். இடுப்புப் பட்டைக்கு மேலேயே துணி முடிந்திருந்தது. ஒரே வீச்சில் வெட்டிய விளிம்பு. ஒருபக்கமாகச் சரிந்த விளிம்பு.

எம்மெட் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வரிசையின் கடைசியில், துருப்பிடித்த ஆணியில், கடுகு மஞ்சள் கட்டம்போட்ட துண்டு தொங்கியது. கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. துண்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் மாட்டிவிட்டுக் கையை எடுத்ததுபோல.

அவள் போய்த் தொட்டாள். உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது.

தான் எதைக் குறிவைத்தோம் என்பதை எம்மெட் மன்னித்திருக்கலாம். ஆர்விலுக்கு அது தெரியப்போவதில்லை. தெரிந்த ஒருவன் இருக்கிறான். அவன் எப்போதும்போல விளையாட்டாகத்தான் வெட்டியிருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். மனசு கொஞ்சம் இறங்கியது. முடிந்துவிட்டது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"இது யாரு அடிச்சது?" என்றார் ஆர்வில் மெதுவாக.

அவர் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தாள். அவளுடைய துண்டுக்குப் பக்கத்தில், நேற்றுவரை வெறும் பலகையாக இருந்த இடத்தில், இன்னோர் ஆணி இருந்தது.

புதிது. துருவில்லாமல் மின்னி, அடுத்த துண்டுக்காகக் காத்திருந்தது. காலியாக இருந்தது.