பஞ்சு படியாத துணி

"ஏனுங்க மேடம், கேஸ் கசியாமயே கேஸ் அலாரம் அடிக்குமுங்களா?"

போத்தனூரில் ரிஃபத்தின் வீட்டுக்குள் நுழைந்த ஷ்ரவ்யா நாற்காலியைக்கூடப் பார்க்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காகத் தீ விபத்துகளை ஆராய்ந்து பழகிய ரிஃபத், இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்துவருகிறார். அவருடைய உதவியாளன் சஹீர் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அடிக்கும் அம்மணி. உட்கார்ந்து சொல்லுங்க," என்றார் ரிஃபத்.

ஷ்ரவ்யாவுக்குச் சூலூர். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். கணவன் ஹர்ஷா, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேரவன் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறான். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. தறிகளைப் பிரித்துவிட்டுக் கேரவன்களை வாடகைக்கு விடுவது அவன் திட்டம். தறிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வம்சிக்கு அதில் கசப்பு.

"கரண்ட் போயிட்டு வந்தாத்தானுங்க அலாரம் கத்துது. ஆனா கேஸ் வாசமே இல்லீங்க. கெட்டுப்போச்சு, கழட்டுங்கன்னு வம்சித் தம்பி சொன்னாரு. இன்னிக்குக் காலையில அவரு ஒயரைப் பிடுங்கிப்போட்டாரு. நாளைக்கு நானும் அவரும் ஆழியாறு போறமுங்க. மகளுக்குப் பரீட்சை, அவ வரலை. அதுக்குள்ளதான் படுக்கணும். எனக்கென்னமோ மனசு ஒப்பலை."

"புரிஞ்சுபோச்சுக்கா," என்றான் சஹீர். "தம்பிக்காரர் செண்ட் ஸ்ப்ரேயை அடிச்சு அலாரத்தைக் கத்த விட்டிருக்காரு."

"அப்ப கரண்ட்டை நிறுத்துறதும் அவரேதானா? மின்வாரியத்துல வேலை கிடைச்சுருச்சாட்ட இருக்குது. வண்டியை எடுப்பா," என்றார் ரிஃபத்.

சூலூரில் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. வம்சி தறிக்கூடத்துக்குள் வேலையாக இருந்தான். முற்றம் முழுக்கப் பஞ்சுத் தூசி பறந்தது. கேரவனின் கூரை, சக்கரம், பக்கத்துச் செடி எல்லாவற்றிலும் வெள்ளை படிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் சஹீரின் மீசையும் நரைத்தது.

ரிஃபத் டார்ச்சுடன் குனிந்து கேரவனின் அடியைப் பார்த்தார். பேட்டரிப் பெட்டிக்கு அடியில் ஒரு காற்றுத் துளை. அதைப் பழந்துணியால் அடைத்திருந்தார்கள். துணி கம்பளிபோலப் பஞ்சு மூடிக் கிடந்தது. சிலிண்டர் அறைக்கு அடியில் இன்னொரு துளை. அதிலும் துணி. இதில் ஒரு இழைப் பஞ்சுகூட இல்லை. அதை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். சிலிண்டரின் குழாய் முனையில் சோப்புத் தண்ணீர் தடவினார். மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாகக் குமிழிகள் எழுந்தன. "கசியுதுங்க மேடம்," என்றான் சஹீர்.

ரிஃபத் சிலிண்டரை இறுக மூடினார். கதவுகளைத் திறந்து வைத்து நெடுநேரம் காத்திருந்தார். சாயங்காலம் எல்லோரையும் கேரவனுக்குள் கூப்பிட்டார். கோவையிலிருந்து ஹர்ஷாவும், ஈரோட்டிலிருந்து ஷ்ரவ்யாவின் மாமனார் வேங்கடசாமியும் அப்போதுதான் வந்திருந்தார்கள். காலையில் அலாரத்தைக் கழற்றியதும் வெளியே போனவர்கள் இருவரும். வம்சி வாசற்படியோடு நின்றுகொண்டான்.

"உள்ள வாங்க தம்பி."

"தறி ஓடுதுங்க. பார்க்கோணும்."

"பேட்டரித் துளையை அடைச்சது யாருங்க?"

"நானுங்க," என்றார் வேங்கடசாமி. "பஞ்சு உள்ள போகுதுன்னு அடைச்சேன். போன மாசம்."

"பேட்டரிக்கு மாட்டியிருக்குற சார்ஜரும் உங்க கைவேலைதானா?"

"பழைய இன்வெர்ட்டர்ல இருந்தது. சும்மா கிடந்துச்சு, மாட்டிப்போட்டேன்."

"கரண்ட் வந்ததும் அது பேட்டரியைக் கொதிக்க விடுது. அதுல கிளம்புற வாயு வெளிய போக வழியில்லாம உள்ள வருது. அலாரம் கத்துனது அதுக்குத்தான். அலாரம் கெடலை." ரிஃபத் லைட்டரை எடுத்தார். "அடுப்பையும் ஒருக்கா பத்த வெச்சுப் பார்த்துரலாம்."

அப்போது ஷ்ரவ்யாவின் மகள் அக்ஷிதா வம்சியின் கைக்கடியில் புகுந்து உள்ளே ஓடி வந்தாள். "அப்பா, பரீட்சையைத் தள்ளிவெச்சு லீவ் குடுத்துட்டாங்க. நானும் நாளைக்கு வாரேன்."

வம்சியின் முகம் வெளுத்தது. ரிஃபத்தின் விரல் லைட்டரில் அழுந்தியது.

வம்சி பாய்ந்து குழந்தையை வாரிக்கொண்டு முற்றத்தின் மறுகோடிக்கு ஓடினான். மற்றவர்கள் ஒன்றும் விளங்காமல் நின்ற இடத்திலேயே நின்றார்கள். லைட்டர் பொறி தட்டியது. அடுப்பு எரியவில்லை.

"சிலிண்டரை அப்பவே மூடிட்டேன்," என்றபடி ரிஃபத் கீழே இறங்கினார். பையிலிருந்த துணியை நீட்டினார். "இது சிலிண்டர் அறைத் துளையில இருந்துச்சு. கேஸ் காத்தைவிடக் கனம். கசிஞ்சா அந்தத் துளை வழியாக் கீழ இறங்கிப் போயிரும். அதை அடைச்சுட்டா குழாய்ச் சந்து வழியாப் படுக்கைக்கு வரும். மாமனார் போன மாசம் அடைச்ச துணியில பஞ்சு மெத்தை கட்டியிருக்குது. இதுல ஒரு இழைகூட இல்லை. அப்படின்னா இன்னிக்கு வெச்சது, அலாரத்தைக் கழட்டுனதுக்குப் பொறகு. குழாய் திருகாணியும் தளர்ந்திருந்துச்சு. பகல்ல இங்க இருந்த ஆம்பளை ஒருத்தர்தான். ஆனா அது சந்தேகம் மட்டும்தான். அடுப்பைப் பத்த வெச்சா என்ன ஆகும்னு தெரிஞ்சவருதான் ஓடுவாரு."

ஹர்ஷா கேரவனின் கதவைப் பிடித்துக்கொண்டான். "வம்சி, சொல்லுடா. பொய்தானே?"

"பாப்பாவுக்குப் பரீட்சைன்னு சொன்னீங்களேண்ணா," என்றான் வம்சி. "பாப்பா வர்றான்னு யாருமே சொல்லலையே."

வேங்கடசாமி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்ஷிதா சித்தப்பாவின் தோளில் முகம் வைத்து, எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் அவளைத் தன்னோடு இறுக்கிக்கொண்டான். பக்கத்தில் போக ஆண்கள் யாருக்கும் கால் வரவில்லை.

ஷ்ரவ்யாதான் முற்றத்தைக் கடந்து போனாள். அவன் எதிரில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"புள்ளையக் குடுங்க தம்பி."