புது மூடியும் காணாமல் போன குடுவையும்

காலை 7.35.

குசெரா பண்ணையின் பட்டிக்குள் நாற்பது கிடேரிகள் நிலைகொள்ளாமல் முட்டிக்கொண்டு நின்றன. மாடுகளுக்குச் சினை ஊசி போடும் லைல் ப்ரோக் பிக்கப்பை நிறுத்தினான். பின்கதவை இறக்கினான். நேற்றுதான் வாங்கி மாட்டிய மூன்று மடிப்பு ரெக்சின் மூடியின் கொக்கிகளைக் கழற்றி மடித்தான். பின்தொட்டியில் ஒரு சுருள் கயிறு, கையுறைப் பெட்டி, கருவிப் பெட்டி. அவ்வளவுதான்.

"ஆர்லீன்! குடுவையக் காணோம்!"

பண்ணைக்காரி ஆர்லீன் குசெரா ஓடிவந்து தொட்டிக்குள் பார்த்தாள். பிறகு குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்த்தாள். ஒரு பொருள் தொலைந்தால் புத்திசாலிகளும் செய்கிற கோமாளித்தனம் அது.

குடுவைக்குள் திரவ நைட்ரஜனில் அறுபத்திரண்டு உறைவிந்துக் குச்சிகள் இருந்தன. எல்லாம் ஹெக்டர் என்ற பொலிகாளையுடையவை. ஹெக்டர் பிப்ரவரிப் பனிப்புயலில் செத்துவிட்டது. நாற்பது கிடேரிகளும் ஒரே நாளில் பருவத்துக்கு வரும்படி மருந்து வைத்தாயிற்று. அந்த நாள் இன்று. மாலை நாலு மணிக்குள் சினை ஊசி போடத் தொடங்காவிட்டால் இந்த வருடம் ஹெக்டரின் கன்று கிடையாது. குடுவை கிடைக்கவே இல்லையென்றால் இனி எந்த வருடமும் கிடையாது. ஆர்லீனின் இருபது வருட உழைப்பு அந்தக் குடுவைக்குள் இருந்தது.

காலை 8.20.

துணை ஷெரிஃப் கர்ட் வந்து இறங்கினான். நல்லவன், ஆனால் முதலில் தோன்றுகிற சந்தேகத்தைக் கல்யாணம் செய்துகொள்கிறவன்.

"எங்க ஏத்துன?"

"ஹேவர்ட் மாட்டாஸ்பத்திரில. அங்கதானே பத்திரமா வச்சிருந்தாங்க. காலைல ஆறு அஞ்சுக்கு ஏத்துனேன்."

"அப்புறம்?"

"காபிக் கடை. ஆறே முக்காலுக்கு உள்ள போனேன், ஏழு பத்துக்குக் கிளம்புனேன். வேற எங்கயும் நிறுத்தல."

"பூட்டுனியா?"

"இந்த ஊர்ல எவன்யா பின்கதவப் பூட்டுறான்? மூடிய முழுசா விரிச்சு ரெண்டு கொக்கியும் போட்டிருந்தேன். ஹேவர்ட்லேர்ந்து இங்க வர்ற வரைக்கும் அதைத் திறக்கவே இல்ல."

"முன்னாடி சீட்ல வச்சுக் கொண்டாந்திருக்கலாமே?"

லைல் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "கண்ணாடி ஏத்துன வண்டிக்குள்ள அந்த வாயு கசிஞ்சா ஓட்டுறவன் பொணந்தான். எங்க தொழில்ல எவனும் அதைச் செய்ய மாட்டான்."

ஆர்லீனுக்கு வேறு கவலை. "எடுத்தவன் படுக்கப் போட்டிருந்தா? நைட்ரஜன் கொட்டிருக்குமே."

"நான் நிக்க வச்சுத்தான் கொண்டுவந்தேன், ஆர்லீன். பதினோரு வருஷத்துல ஒரு குடுவையக்கூட நான் படுக்க வச்சதில்ல." தொட்டியின் கடைசியைக் கையால் தட்டிக் காட்டினான். "இதோ, இங்க. கதவோரமா, கயித்தப் போட்டுக் கட்டி." பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். "நான் போய்த் தேடிப் பாக்கட்டுமா? ரோட்டோரம் எங்கயாச்சும் போட்டிருப்பானுங்க."

"நீ நகரக்கூடாது. நீதான் சாட்சி," என்றான் கர்ட்.

காலை 9.40.

காபிக் கடைக்காரி தொலைபேசியில் ஒரு பெயர் சொன்னாள். எம்மெட், ஆர்லீனிடம் வேலை பார்க்கும் ஆள். லைல் உள்ளே முட்டை தின்றுகொண்டிருந்தபோது எம்மெட் அந்த வண்டியருகே நின்றதை அவள் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறாள். பட்டிக் கதவைத் திறந்து போட்டதற்காகப் போன வாரம்தான் ஆர்லீனிடம் எம்மெட் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். கர்ட்டுக்கு இது போதும். எம்மெட்டின் குடிசை, வைக்கோல் கொட்டகை, அவன் அக்கா வீட்டு நிலவறை என்று எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தான். லைல் இரண்டாவது முறையாக, "நானும் போய்த் தேடறனே," என்றான். கர்ட் விடவில்லை.

பகல் 11.50.

வேறு வழியில்லாமல் கர்ட் தன் ஒன்றுவிட்ட அக்கா மார்வா ஸ்டெக்கைக் கூப்பிட்டான். பிக்கப்புக்கான சாமான் கடை வைத்திருப்பவள். சுற்றுவட்டாரத்தில் எந்த வண்டியில் எந்த மூடி இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"நேத்து லைலுக்கு நீதானே மூடி வித்த? அதை வெளியிலேர்ந்து திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"உனக்கு மூணு நாள். மத்தவங்களுக்கு அரை நிமிஷம்," என்றாள் மார்வா. "இரு, வரேன்."

கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பியவளுக்கு வழியெல்லாம் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த ஊர் ஆண்கள் ஒரு மூடியைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் எடுப்பார்கள். மனைவியைத் தேர்ந்தெடுக்க அவர்கள் அவ்வளவு எடுத்ததில்லை. தடவிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள், மச்சானைக் கூட்டிக்கொண்டு திரும்ப வருவார்கள். பதினோரு வருடம் திறந்த தொட்டியோடு சுற்றிய லைல் ஆறே நிமிடத்தில் முடித்துவிட்டான். மார்வா வழக்கமான கேள்விகளைக் கேட்டிருந்தாள்.

"பனியில வெளிய நிக்குமா? அப்ப கெட்டி மூடி வாங்கு. கத்தியும் ஏறாது."

"வேணாம். ரெக்சின் மடிப்புதான்."

"சுருட்டு மூடி பாக்கறியா? ஓரத்துல தூசி கம்மியா ஏறும்."

"இதுவே போதும் மார்வா. சட்டுனு திறக்கணும், அவ்வளவுதான்."

"உசரமா என்ன ஏத்துவ?"

"கயிறு, கையுறை, கருவிப் பெட்டி."

அவன் வண்டிக்கு அவள் எழுதிய அட்டை இப்போது பக்கத்து சீட்டில் கிடந்தது. தொட்டி ஆழம் இருபத்தொரு அங்குலம். உயரச் சாமான், இல்லை.

பகல் 12.40.

கொட்டகை வாசலில் எம்மெட் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். அவன் காபி பழைய குடுவை ஒன்றின்மேல் ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் குடுவை குளிர் நிற்காமல் போனதால் ஒதுக்கப்பட்டது. ஆர்லீன் நின்றபடியே குனியாமல் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் எங்கும் உட்காரவில்லை.

"காணாமப் போனதும் இதே மாதிரியா?" என்று கேட்டாள் மார்வா.

"அதே கம்பெனி, அதே அளவு. ரெண்டையும் சேர்த்துத்தான் வாங்கினேன். மார்வா, நாலு மணிக்கு மேல அது கெடைச்சும் புண்ணியமில்ல. தெரியும்ல?"

"தெரியும்." மார்வா எம்மெட்டிடம் திரும்பினாள். "அந்த வண்டிகிட்ட ஏன் நின்ன?"

"புது மூடி மேடம்! யார்தான் நிக்க மாட்டா? எனக்கு முன்னாடி ரெண்டு பேர் தட்டிப் பாத்துட்டுப் போனாங்க."

"நீயும் தட்டினியா?"

"தட்டினேன்," என்றான் எம்மெட் பயந்துபோய்.

"கேட்டியா?" என்று துள்ளினான் கர்ட். "தொட்டதை ஒத்துக்கிட்டான்!"

"நீ கொஞ்சம் சும்மா இரு. எம்மெட், எங்க தட்டின?"

"கதவுப் பக்கத்துல. அப்புறம் நடுவுல. விறைப்பா, மேசை மாதிரி சமமா இருந்துச்சு. நல்ல மூடின்னு நெனச்சேன்."

"மேடு ஏதாச்சும்?"

"இல்ல மேடம். ஒரு சுருக்கங்கூட இல்ல."

மார்வா அதற்குமேல் கேட்கவில்லை. நேராக மாட்டாஸ்பத்திரிக்குத் தொலைபேசினாள். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தாள். லைலும் வேலியோரம் நடந்துகொண்டிருந்தான். அவன் நகத்தைக் கடித்துத் துப்பியபடி கிடேரிகளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். திருடு கொடுத்தவனுடைய பதற்றம் சரி, ஆனால் நேரம் ஆக ஆக இவனுக்கு ஏன் ஆர்லீனைவிட அதிகமாக வியர்க்கிறது?

பிற்பகல் 1.30. ஆஸ்பத்திரிப் பெண் திரும்பக் கூப்பிட்டாள். மார்வா இரண்டு நிமிடம் கேட்டாள், நன்றி சொன்னாள், வைத்தாள்.

"கர்ட், அந்தப் பழைய குடுவையத் தூக்கிட்டு வா. லைல், உன் வண்டியக் கொஞ்சம் இங்க கொண்டா. காலைல எப்படி ஏத்துனயோ அப்படியே ஏத்திக் காட்டு."

"எதுக்கு?"

"மூடி வித்தவ நான். என் சரக்கு மேல பழி வருதுல்ல?"

லைல் குடுவையைத் தூக்கிக் கதவோரமாக நிறுத்தினான். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினான். பழகிய கை, தானாக வேலை செய்தது. பின்கதவைச் சாத்தினான். மூடியின் முதல் மடிப்பை விரித்தான், இரண்டாவதை விரித்தான். மூன்றாவதை இழுத்தபோது அது குடுவையின் கழுத்தில் முட்டி, கூரை போலச் சாய்ந்து நின்றது. அழுத்தினான். கொக்கி சட்டத்துக்கு எட்டவில்லை. இன்னும் அழுத்தினான். பிறகு கையை எடுத்துவிட்டான்.



"தொட்டி இருபத்தொரு அங்குலம்," என்றாள் மார்வா. "குடுவை இருபத்தாறு. படுக்க வச்சா அடங்கும், ஆனா நீ படுக்க வைக்க மாட்ட. அதுல உனக்கு அவ்வளவு பெருமை. முன்னாடி சீட்லயும் வைக்க மாட்ட. மூடி முழுசா மூடியிருந்துச்சுன்னா உள்ள குடுவை இல்ல. ஆறே முக்காலுக்கு எம்மெட் தட்டினப்ப மூடி மேசை மாதிரி இருந்துச்சு. அதனால குடுவை காபிக் கடைக்கு வரவே இல்ல. ஆஸ்பத்திரியிலேர்ந்து நீ கடைசி மடிப்ப மடிச்சு வச்சுத்தான் கிளம்பினன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. கால் மணி நேர ரோட்டுக்கு நாப்பது நிமிஷம் எடுத்திருக்க. திருடன் நீதான், லைல்."

"நானா? எனக்கு எதுக்கு அது?"

"அதை நீதான் சொல்லணும். பத்து குச்சி மட்டும் உருவியிருந்தா ஆர்லீன் எண்ணிக் கண்டுபிடிச்சிருப்பா. குடுவையத் திறக்கிற ஆள் நீ ஒருத்தன்தான். மொத்தமும் போச்சுன்னா எவன் மேல வேணா பழி விழும். அதுக்குத்தான் காலித் தொட்டிய மறைக்கிற, ஆனா எவனும் அரை நிமிஷத்துல திறக்கிற மூடி வேணும்னு கேட்ட. திறந்த தொட்டியிலயே ஓட்டின பழக்கம், மூடிக்கு அடியில எவ்வளவு உசரம் நிக்கும்னு நீ யோசிக்கவே இல்ல. கத்தியால ஒரு கீறல் போட்டிருந்தாலும் கொஞ்சம் நம்பியிருப்பேன். புதுசாச்சேன்னு அதுக்கும் மனசு வரல உனக்கு."

லைல் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஹெக்டர் பொறந்த ராத்திரி அதை வெளிய இழுத்தவன் நான்," என்றான் ஆர்லீனிடம். "என் சட்டையக் கழட்டிச் சுத்தினேன். போன வருஷம் அஞ்சு குச்சி கேட்டேன், என் ஆறு மாட்டுக்கு. நீ சிரிச்ச. 'உன் எலும்புக்கூடுகளுக்கா'ன்னு கேட்டு சிரிச்ச."

ஆர்லீனின் முகம் சிவந்தது.

"தேடப் போற சாக்குல போய்ப் பத்தை எடுத்துக்கிட்டு, மத்தியானத்துக்குள்ள ரோட்டோரம் கிடைச்சுதுன்னு கொண்டாந்திடலாம்னுதான் நெனச்சேன். சத்தியமா. இவன் என்னை நகர விட்டானா? கண்காட்சித் திடல்ல, ஆட்டுக் கொட்டகையில கடைசி அறை. நிழல்ல, நிக்க வச்சுத்தான் இருக்கு. சீக்கிரம் போங்க!"

பிற்பகல் 2.55.

குடுவை வந்து சேர்ந்தது. ஆர்லீன் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்த்தாள். நைட்ரஜன் இருந்தது, அறுபத்திரண்டு குச்சிகளும் இருந்தன. கர்ட் எம்மெட்டிடம் ஏதோ முணுமுணுத்து மன்னிப்புக் கேட்டான். பிறகு விலங்கை எடுத்துக்கொண்டு லைலை நோக்கி நடந்தான்.

"நில்லு," என்றாள் ஆர்லீன். "இதுங்களுக்கு யார் ஊசி போடுவா?"

"வேற ஆளக் கூப்பிடு."

"அடுத்த ஆள் தொண்ணூறு மைல் தள்ளி இருக்கான், அவனும் இன்னைக்கு வேற பண்ணையில. அந்தக் கை எனக்குச் சாயங்காலம் வரைக்கும் வேணும். விலங்கை உள்ள வை."

கர்ட் மார்வாவைப் பார்த்தான். மார்வா தோளைக் குலுக்கினாள். அவனுக்கு வேலி மேல் உட்கார்ந்து காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

ஆர்லீன் ஒவ்வொரு குச்சியாக எடுத்து வெந்நீரில் இளக்கிக் கொடுத்தாள். லைல் வாங்கிப் போட்டான். "அடுத்தது" என்ற சொல்லைத் தவிர இருவரும் எதுவும் பேசவில்லை. அவன் ஒரு கிடேரியையும் அவசரப்படுத்தவில்லை. எம்மெட் ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டான். மார்வா கடைக்குப் போகலாம் என்று பலமுறை நினைத்தும் போகாமல் நின்றாள்.

மாலை 6.10.

நாற்பதாவதும் முடிந்தது. லைல் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கர்ட்டின் முன் வந்து நின்றான். ஆர்லீன் புகார்த் தாளை வண்டியின் முகப்பில் வைத்து எழுதினாள். கையெழுத்துப் போடுமுன் நிமிர்ந்தாள்.

"நீ கேட்டப்ப நான் சிரிச்சேன். அது தப்பு, லைல். இன்னைக்கு நீ பண்ணதும் தப்பு. என் தப்புக்குச் சட்டம் கெடையாது. உன்னோடதுக்கு இருக்கு."

கையெழுத்துப் போட்டாள். லைல் தலையசைத்தான், வாதாடவில்லை. கர்ட் கதவைத் திறந்துவிட, ஏறி உட்கார்ந்தான். வண்டி கிளம்பும்போது கண்ணாடியை இறக்கினான்.

"குடுவையில நாலு அங்குலந்தான் இருக்கு, ஆர்லீன். திங்கக்கிழமைக்குள்ள நைட்ரஜன் ஊத்திடு. மறந்துடாத."

"மறக்க மாட்டேன்," என்றாள் ஆர்லீன். அவளுக்கு அழுகை வந்தது.