இறகு முளைக்காத குஞ்சுகள்

மதியத் தூக்கத்திலிருந்து குழந்தையைத் தூக்கியபோது அதன் வயிறு மட்டும் சில்லென்று இருந்தது. தலையில் சூடு இருந்தது, உள்ளங்கால்கூடக் கதகதப்பாகத்தான் இருந்தது. மார்புக்குக் கீழே, தொப்புளைச் சுற்றி மட்டும், ராத்திரி முழுக்க வெளியே கிடந்த பாத்திரத்தைத் தொட்டதுபோல. துணி நனைந்திருக்குமோ என்று பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. விரிப்பைக் குனிந்து முகர்ந்தாள். பால் வாடைக்கு அடியில் ஈர மரத்தூளின் வாடை. கோழிக்குஞ்சுப் பெட்டியின் வாடை.

தன் கையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள்.

மழை விடவில்லை. கூரைத் தகரத்தில் விழுந்து, கோழிக்கூண்டின் மேல் போட்டிருந்த தார்ப்பாயில் வழிந்து, பின்சுவரோரம் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடும் தண்ணீரின் சத்தம், யாரோ வாயை மூடிக்கொண்டு பேசுவதுபோல வீடு முழுக்க நிறைந்திருந்தது. பின்சுவர்ப் பக்கம் பார்க்காமலேயே சன்னலைச் சாத்தினாள். அங்கேதான் செத்த குஞ்சுகளைப் புதைத்திருந்தாள்.

அவளிடம் ஒரு சுருள் இறகுச் சேவல் இருந்தது. இறகு எதுவும் உடம்போடு படியாது. பின்னாலிருந்து யாரோ ஊதிவிட்டதுபோல எல்லாம் முன்பக்கமாகச் சுருண்டு நிற்கும். பக்கத்துத் தெருவில் கோழி வளர்க்கும் நாத்தனார் அதற்குப் ‘பார்லர்’ என்று பெயர் வைத்திருந்தாள். சுருள் சேவலுக்கு நேர் இறகுப் பெட்டையைத்தான் சேர்க்க வேண்டும். இந்தக் கோழி வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவளுக்கும் தெரியும். ஆனால் போன முறை பாதிக் குஞ்சுகள் சாதாரணக் கோழிகளாகப் போய்விட்டதில் அவளுக்கு மனசு ஆறவில்லை. எல்லாமே சுருளாக வேண்டும் என்று சுருளோடு சுருளைச் சேர்த்தாள்.

பொரித்தபோது பஞ்சு உருண்டைகளாகத்தான் இருந்தன. பஞ்சு உதிர்ந்து இறகு வரும்போதுதான் தெரிந்தது. சில குஞ்சுகளுக்கு, நெருப்பில் காட்டிய நூல்போல, வந்த இறகெல்லாம் குருத்திலேயே ஒடிந்து விழுந்தது. மிஞ்சியது வெறும் தோல். இளஞ்சிவப்பாக, சுருக்கம் சுருக்கமாக, உள்ளே ஓடும் நரம்பு தெரிய.

“சுருட்டைக்கும் சுருட்டைக்கும் கல்யாணம் பண்ணி வெச்சா மொட்டைதான் பொறக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டியா?” என்று நாத்தனார் சிரித்தாள். “இதுங்களுக்கெல்லாம் ஸ்வெட்டர்தான் பின்னணும், போ.”

பெட்டிக்குள் தொங்கிய குண்டு பல்பின் சூட்டில்தான் அந்த மொட்டைக் குஞ்சுகள் உயிரோடு இருந்தன. அப்போதுதான் மழை பிடித்தது. குழந்தைக்குச் சளி கட்டியது. அறைச் சுவரெல்லாம் ஓதம். கடையில் குண்டு பல்பு கிடைக்கவில்லை; இப்போது விற்பதெல்லாம் வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. பெட்டியிலிருந்த பல்பைக் கழற்றிக் குழந்தையின் கட்டிலுக்கு மேலே கட்டினாள். பெட்டியின் மேல் சாக்கைப் போர்த்தினாள். தாங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குளிரும் குஞ்சு ஊசி குத்துவதுபோலக் கத்தும். சூடு கிடைத்த குஞ்சு தொண்டைக்குள் மெல்ல உருட்டும். அவள் படுத்திருந்த இடம்வரை ஊசிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. காலையில் சாக்கை விலக்கினால், எல்லாம் ஒரே மூலையில், ஒன்றின் கழுத்து இன்னொன்றின் அடியில் புதைந்து, விறைத்துக் கிடந்தன.

விளக்கேற்றும் நேரத்துக்கு நாத்தனார் குடையை உதறிக்கொண்டு வந்தாள்.

“என்ன, வீட்டுக்குள்ளேயே குஞ்சு விட்டிருக்கியா?”

“இல்ல அண்ணி. ஏன்?”

“வாசல்ல நிக்கிறப்பக் கேட்டுச்சே. நல்லாச் சூட்டுல சொக்கிப்போன குஞ்சு மாதிரி.”

நாத்தனார் குழந்தையைக் கொஞ்சியபடியே வாங்கினாள். கை வயிற்றில் பட்டதும் கொஞ்சல் நின்றது.

“என்னடி இது? வயிறு இப்படி ஐஸா இருக்கு? எப்பருந்து?”

“மத்தியானத்துலருந்து.”

“தம்பிக்குச் சொன்னியா?”

“அவரு லாரி எங்கயோ காட்டு வழியில போயிட்டிருக்கு. போன் போகல.” குழந்தையின் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

“வாயக் கழுவு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நான் முக்குல போய் ஆட்டோ புடிச்சிட்டு வரேன், நீ துணிமணி எடுத்து வை. அதுவரைக்கும் பல்புக்குக் கீழயே போடு, கொஞ்சம் சூடாவது ஏறட்டும்.”

குழந்தையைக் கீழே விட அவளுக்கு மனமில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். போர்வையை உதறினாள். தலையணையைத் திருப்பினாள். எதுவும் இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, கதவைத் திறந்தே வைத்துவிட்டு, அடுத்த அறையில் அலமாரியைத் திறந்தாள். சட்டை. துண்டு. பால் புட்டி.

ர்ர்ர்ர்.

கை நின்றது.

மெல்லிய சத்தம். தொண்டைக்குள் உருளும் சத்தம். அதோடு இன்னொன்று சேர்ந்தது. பிறகு நிறைய. சுகமாக, அவசரமில்லாமல், தூக்கத்தில் அமிழ்வதுபோல.

அதற்கு மேலே வேறொரு சத்தம். கனமாக. விட்டு விட்டு.

கொக்.

கொக்.

தாய்க்கோழி குஞ்சுகளைக் கூப்பிடும் சத்தம். வீட்டுக்குள் கோழி இல்லை.

புட்டி கீழே விழுந்தது. ஓடினாள்.

இன்னும் கவிழத் தெரியாத குழந்தை கவிழ்ந்து கிடந்தது. கிடக்கவில்லை. உட்கார்ந்திருந்தது. முழங்காலை மடக்கி, வயிற்றைத் தூக்கி, முழங்கைகளைப் பக்கவாட்டில் விரித்து. விரல்கள் அகலமாக. போர்வை அதன் அடியில் மேடாகப் புடைத்திருந்தது. மேடு மூச்சு விட்டது.

“கண்ணு…”

குழந்தை தலையைத் திருப்பியது. ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணால் பார்த்தது. உதடு நீலம். கை நீட்டினாள். அதன் முதுகு உப்பியது. வாய் திறந்தது. சீறியது.

அக்குளுக்கு அடியிலிருந்து ஒரு கழுத்து வெளியே வந்தது. வெறும் தோல். சேறு ஒட்டிய அலகு. அவளைப் பார்த்தது. மறுபடியும் உள்ளே போய்விட்டது.

வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம். “கெளம்பிட்டியாடி?” நாத்தனாரின் குரல்.

பின்கதவிலிருந்து கட்டில்வரை தரையில் ஈரம். சின்னச் சின்னக் கால் தடங்கள். கட்டில் காலைப் பற்றிக்கொண்டு, கடைசியாக வந்த ஒன்று, குளிரில் ஊசிபோலக் கத்திக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தது.

கொக், என்றது குழந்தை. இன்னொன்றுக்கு இடம் விட்டுக் கையை விரித்தது.