ஒன்பதாவது வரியில் வந்த பயம்

"இதுல பிரிண்டிங் மிஸ்டேக் இருக்கு!" என்று கத்தினாள் பட்டாசு.

ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

அம்மா எட்டிப் பார்த்தார். "எதுலடி?"

"கவிதையிலம்மா. வசந்தகாலக் கவிதை. மொத்தம் பதினாலு வரி. முதல் எட்டு வரியில புல்லு, பூ, குருவி முட்டைன்னு ஒரே குஷி. ஒன்பதாவது வரியில திடீர்னு கவிஞர், 'கடவுளே, இதையெல்லாம் காப்பாத்து'ன்னு கெஞ்சுறாரு. நல்லாத்தானே இருந்தாரு? வேற ஏதோ கவிதையோட வாலு இதுல வந்து ஒட்டிக்கிச்சு!"

"நாளைக்கு டீச்சர்கிட்ட அப்படியே சொல்லு. ரொம்ப மெச்சிக்குவாங்க."

பட்டாசுக்குச் சிரிப்பு வரவில்லை. கவிதை எங்கே திரும்புகிறது, ஏன் திரும்புகிறது என்று நாளை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். போன தடவை உளறிக் கொட்டினாள். வகுப்பே சிரித்தது.

சலிப்புடன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

அட! ஜன்னல் சட்டத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் ஒரு கூடு. உள்ளே புள்ளி போட்ட குட்டிக் குட்டி முட்டைகள்!

பட்டாசு அசையவே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். அவளா அது என்று அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டொக். சுவரில் ஏணி வந்து சாய்ந்தது. வீட்டுக்கு வண்ணம் பூச வந்திருந்த பெயிண்டர் மாமா, கையில் வாளியோடு ஏறி வந்தார்.

"தள்ளிக்கம்மா. சட்டத்தைச் சுரண்டணும்."

பட்டாசு கையை நீட்டிக் கூட்டை மறைத்தாள். 'கடவுளே, வேண்டாமே!' என்றது மனசு.

"மாமா, கூடு இருக்கு!"

"எடுத்து மரத்துல வச்சிடலாம்."

"அம்மாக் குருவி எப்படிக் கண்டுபிடிக்கும்? நீங்க திரும்பிப் போறதுக்குள்ள உங்க வீட்டைத் தூக்கி வேற தெருவுல வச்சிட்டா?"

"என் மாமியார் தெருவுல வைக்காம இருந்தா சரி!" என்று சிரித்தவர், தலையைச் சொறிந்தார். "ஆனா இந்த ஜன்னல் மட்டும் பழசா நின்னா, பாக்கறவங்க என்னைத்தானே பேசுவாங்க?"

பட்டாசு உள்ளே ஓடினாள். ஓர் அட்டையோடு திரும்பி வந்து, ஜன்னல் கொக்கியில் கட்டினாள்.

'பெயிண்டர் மாமா மறக்கவில்லை. குருவிக்காகக் காத்திருக்கிறார்.'

மாமா அதை இரண்டு முறை படித்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"குஞ்சு பறந்ததும் சொல்லியனுப்பு. வர்றேன்."

ஏணி அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தது. அப்போதுதான் பட்டாசுக்குச் சட்டென்று கவிதை ஞாபகம் வந்தது.

மறுநாள் வகுப்பில் நிமிர்ந்து நின்றாள்.

"முதல் எட்டு வரியில அவர் பாத்துக்கிட்டே இருக்காரு டீச்சர். பாக்கப் பாக்க ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பிடிச்சதும் பயம் வந்திருச்சு, யாராவது ஏணியோட வந்துடுவாங்களோன்னு. அதான் கடவுளைக் கூப்பிடுறாரு."

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார். "எல்லாம் சரிம்மா. ஏணி எந்த வரியில வருது?"

வகுப்பே சிரித்தது. இந்தத் தடவை பட்டாசும் சேர்ந்து சிரித்தாள்.

"பதினஞ்சாவது வரி டீச்சர். அது எங்க வீட்டு ஜன்னல்ல இருக்கு!"