இரத்தம் கேட்ட குரல்

ட்ரிங்... ட்ரிங்...

சனிக்கிழமை. பின்னேரம் இரண்டேகால்.

றம்ஸியா சோற்றுக் கையோடு ஓடிப்போய், இடக்கையால் ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ..."

"சேவைக் கழகத்துச் செயலாளர் வீடுதானே? என்ர மனுசனை எங்க வச்சிருக்கிறியள்?"

பெண் குரல். அழுதழுது கரகரத்துப் போன குரல்.

"ஆர் கதைக்கிறீங்க?"

"நான் புஷ்பவதி. போட்டோக் கொப்பிக் கடை இராசதுரையின்ர பெஞ்சாதி. நேற்றுக் காலமை உங்கட கழகத்தில இருந்து கோல் வந்தது. ஆஸ்பத்திரியில ஒரு பிள்ளைத்தாச்சிக்கு அவசரமா இரத்தம் வேணுமாம். தேத்தண்ணியைக்கூட முழுக்கக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன மனுசன்... இன்னும் வரேல்ல."

"ஆஸ்பத்திரியில கேட்டீங்களா அக்கா?"

"கேட்டனான். நாங்கள் ஒருத்தரையும் கூப்பிடேல்ல எண்டு சொல்லுகினம்."

றம்ஸியாவின் விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"கூப்பிட்டது ஆம்பிளையா, பொம்பிளையா?"

"ஆம்பிளை. நல்ல மரியாதையான குரல். இரத்தம் கேக்கிறவன் மேல ஆர் தங்கச்சி சந்தேகப்படுவினம்?"

தொடர்பு அறுந்தது.

மூன்றாவது ஆள்...

இந்த ஜூன் நாலாம் திகதி இறக்கக்கண்டி மீன்காரர் குலசிங்கம். பதினோராம் திகதி த்ரீவீல் ஓட்டும் மஹ்ரூப். நேற்று, பதினைந்தாம் திகதி, இராசதுரை.

மூவருக்கும் ஒரே அழைப்பு. மூவரும் இரத்தம் கொடுக்கப் போனார்கள். மூவரும் திரும்பவில்லை.

அது 2007. ஆட்களைக் கடத்திப் போகும் 'வெள்ளை வான்' என்ற இரண்டு சொற்களைத் திருகோணமலையில் எவரும் குரலை உயர்த்திச் சொல்லாத வருடம்.

துறைமுக நகர் சேவைக் கழகத்திடம் நூற்று நாற்பத்திரண்டு இரத்தக் கொடையாளர்களின் பெயர்ப் பதிவேடு இருந்தது. பெயர், இரத்த வகை, வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம். எல்லாம் றம்ஸியாவின் கையெழுத்து. வயது பதினேழு. கழகத்தின் இளைஞர் பிரிவுக்கு அவள்தான் தலைவி.

அவளுடைய வாப்பா கலீலுர் றஹ்மான்தான் கழகத்தின் செயலாளர். டொக்யாட் ரோட்டில் படகு எஞ்சின் சாமான் கடை வைத்திருப்பவர்.

பதிவேடு இருப்பது அவர்கள் வீட்டு இரும்பு அலுமாரியில். திறப்பு வாப்பாவிடம்.

நகரத்தில் வேறு எவரிடமும் அந்த இலக்கங்கள் இல்லை.



"உம்மா... அலுமாரித் திறப்பு எங்க?"

குசினியிலிருந்து உம்மா றுக்கியாவின் குரல் வந்தது.

"உங்க வாப்பாட தலைகாணிக்குக் கீழ பாருங்க. பொஞ்சாதிட நகைக்குப் போடாத பூட்டைக் கழகத்துக் கொப்பிக்குப் போடுற மனுசன்."

பூட்டு திறந்தது.

றம்ஸியா பதிவேட்டைப் புரட்டினாள். இராசதுரையின் பெயருக்கு நேரே பார்த்தாள். கடைசியாக இரத்தம் கொடுத்தது... மூன்று கிழமைக்கு முன், கழகத்தின் முகாமில்.

அவள் நெற்றி சுருங்கியது.

ஒருமுறை கொடுத்தவரை நாலு மாதத்துக்குக் கூப்பிடக்கூடாது. முகாமில் பிஸ்கட் கொடுக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விதி அது.

அப்படியென்றால் அழைத்தவனுக்கு இரத்தம் தேவையில்லை.

ஆள்தான் தேவை.

பதிவேட்டுக்கு அடியில் இன்னொரு கொப்பி கிடந்தது. சேவை மணிக் கொப்பி. ஒவ்வொரு வருடமும் எந்தக் கிளை கூடுதல் மணித்தியாலம் சேவை செய்கிறதோ, அதற்குக் கொழும்பில் கிண்ணம் கொடுப்பார்கள். அந்தக் கிண்ணத்தில் வாப்பாவுக்குப் பைத்தியம். கதிரை தூக்கினால் அரை மணி. கண் முகாமுக்குக் கிழவர்களைக் கூட்டி வந்தால் ஒரு மணி. எழுதாமல் விட்டால் அவருக்கு நித்திரை வராது.

பக்கத்தைத் திருப்பினாள்.

4ஆம் திகதி. இரத்ததான உதவி. ஆள் ஒன்று. குறிஞ்சாக்கேணி வரை. 3 மணி.

11ஆம் திகதி. இரத்ததான உதவி. ஆள் ஒன்று. குறிஞ்சாக்கேணி வரை. 3½ மணி.

15ஆம் திகதி...



நகர ஆஸ்பத்திரிக்கு இரத்தம் கொடுக்க வந்தவனை எதற்குக் கடல் தாண்டி, பாதை எனும் மிதவைப் படகு ஏறி, குறிஞ்சாக்கேணிக்குக் கொண்டுபோக வேண்டும்? அங்கே யாரிடம் ஒப்படைக்க?

நேற்று வாப்பா வீட்டுக்கு வந்தது இரவு எட்டு மணிக்கு. "கடையில சாமான் எண்ணினன்" என்றார். அவள் டியூசன் முடிந்து வரும்போது கடை பூட்டிக் கிடந்ததை அவரிடம் சொல்லவில்லை.

மரியாதையான குரல்...

வாப்பாவைப்போல மரியாதையாகக் கதைக்க இந்த ஊரில் வேறு யார்?

வாப்பாவிடம் கேட்க ஏலாது. உம்மாவிடம் சொல்ல ஏலாது. பொலிசுக்குப் போனால் வாப்பா திரும்பி வரமாட்டார். போகாவிட்டால் நாலாவது வீட்டில் தொலைபேசி அடிக்கும்.

ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

*

உவர்மலையில் கழகத் தலைவர் தவராசாவின் வீடு. மாவட்டக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் ஏழைகளுக்குத் தன் கையாலேயே மூக்குக்கண்ணாடி மாட்டி விடுபவர். மனைவி கொழும்பில். வீட்டில் தனி ஆள்.

"வாங்கோ பிள்ளை. என்ன, முகம் வெளிறிக் கிடக்கு? இருங்கோ."

றம்ஸியா கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அங்கிள்... வாப்பாவைப் பற்றி ஒரு விசயம். நீங்க ஆருக்கும் சொல்லக்கூடாது."

"நான் ஆருக்குச் சொல்லப் போறன்? சொல்லுங்கோ."

சொன்னாள். புஷ்பவதியின் அழுகை. மூன்று அழைப்புகள். நாலு மாத விதி. கொப்பி. குறிஞ்சாக்கேணி என்ற பெயருக்கு வருமுன்னரே அழுகை வந்தது.

"அவங்களை வாப்பாதான் கூப்பிட்டுக் கொண்டு போயிருக்கார் அங்கிள். மூண்டு நாளும் கொப்பியில எழுதியிருக்கு. ஆர்ட்டயோ குடுத்திட்டார். கொன்றிருப்பாங்க."

தவராசா முன்னால் சாய்ந்தார். கண்கள் பளிச்சிட்டன.

"றஹ்மானா? எங்கட றஹ்மானோ இதைச் செய்தது?"

"ஓம்..."

"எந்த வீடெண்டு எழுதியிருக்கோ?"

றம்ஸியாவின் அழுகை பாதியில் நின்றது.

எந்த வீடு?

அவள் வீடு என்று எதையும் சொல்லவில்லை. கொன்றிருப்பார்கள் என்றாள். செத்தவனுக்கு எதற்கு வீடு? 'ஐயோ' என்று ஒரு சொல் வரவில்லை. 'உயிரோட இருக்கிறாங்களா' என்று ஒரு கேள்வி வரவில்லை.

அந்த மூவரும் எங்கோ ஒரு வீட்டில் ஒளித்திருக்கிறார்கள் என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

ஒரே வழிதான்.

வெள்ளை வானில் அவர்களைத் தேடிப் போனவர்களுக்கு ஆள் அகப்படவில்லை என்று தெரிந்தவராக இருக்க வேண்டும்.



வாப்பா யாரிடமும் கொடுக்கவில்லை. வாப்பா எடுத்து ஒளித்திருக்கிறார். குறிஞ்சாக்கேணியில் மாமி மைமூனாவின் வீடு...

அதைக் காட்டிக் கொடுக்கத்தான் அவள் மூச்சிரைக்கச் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறாள்.

"பிள்ளை? கேட்டது விளங்கேல்லயோ?"

"எழுதியிருக்கு அங்கிள்."

"வாசியுங்கோ. என்ர கண்ணாடி உள்ளுக்க கிடக்கு."

றம்ஸியா கொப்பியை விரித்தாள். 15ஆம் திகதி கண்ணுக்கு முன்னால் இருந்தது. விரலை ஒரு பக்கம் பின்னால் நகர்த்தினாள். கண்ணில் பட்ட முதல் விலாசத்தை வாசித்தாள்.

"கந்தளாய்... குளத்து ரோட்... பச்சைக் கேற் வீடு."

"கந்தளாயோ." அவர் தனக்குள் சிரித்துக்கொண்டார். "நாங்கள் எல்லா இடமும் பாத்தம்... பாக்கிறம் எண்டு சொல்ல வந்தனான். ஊரெல்லாம் கவலைப்படுதெல்லே."

"ஓம் அங்கிள்."

"நீங்கள் அழாதேங்கோ. நான் பொலிசுக்குச் சொல்லுறன்."

கைத்தொலைபேசியோடு உள்ளறைக்குப் போனார். கதவுச் சீலை ஆடியது. சீலைக்கு அப்பால் குரல் தாழ்ந்து வந்தது.

"கந்தளாய்... குளத்து ரோட்... பச்சைக் கேற். ஓம், மூண்டும் அங்கதான். இப்பவே போங்கோ, கேற்றைத் தட்டிக்கொண்டு நிக்க வேண்டாம்... றஹ்மானோ? அவனை இரவைக்குப் பாப்பம்."

றம்ஸியா பல்லைக் கடித்தாள். ஜூன் மாதப் பக்கத்தை மெல்ல, மிக மெல்லக் கிழித்தாள். கிழிபடும் சத்தத்துக்கு இருமினாள். சட்டைக் கைக்குள் செருகினாள்.

தவராசா வெளியே வந்தார். மூக்கில் கண்ணாடி.

"கொப்பியை வச்சிட்டுப் போங்கோ பிள்ளை. சாட்சிக்கு வேணும்."

"இந்தாங்க அங்கிள்."

"வாப்பாவிட்ட ஒண்டும் கேக்க வேண்டாம். தகப்பனெல்லே, பாவம்."

படலை வரை நடந்தாள். அதன் பிறகு அவள் நடக்கவில்லை.

*

"வாப்பா, கடையைப் பூட்டுங்க."

கலீலுர் றஹ்மான் எஞ்சின் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை முழுக்க கிறீஸ்.

"என்ன மகள் இந்த ஓட்டம்?"

"மைமூனா மாமி வீட்டில மூண்டு பேர் இருக்கிறாங்கதானே?"

அவர் கையிலிருந்த ஸ்பனர் தரையில் விழுந்தது.

"ஆரு சொன்ன?"

"கொப்பி சொன்னிச்சு. நீங்கதான் அவங்களை ஆர்ட்டயோ குடுத்தீங்க எண்டு நினைச்சிட்டன். தவராசா அங்கிள்ட்ட போய்..."

"எவ்வளவு சொன்ன?"

"நீங்க அவங்களைக் கொண்டுபோனதெல்லாம்."

அவர் எண்ணெய்ப் பீப்பாயின் மேல் உட்கார்ந்தார்.

"போன மாசம் அந்தாள் என்னட்ட நாலு பேர்ட விலாசம் கேட்டார் மகள். கண் முகாமுக்குக் கடிதம் போடணுமாம். நானும் குடுத்தன். ரெண்டாம் நாள் அதுல ஒரு ஆள், தபால் கந்தோர்ப் பொடியன், அவன்ட வாசல்ல வான் நிண்டிச்சு. அவன் போனவன்தான். நான் எழுதிக் குடுத்த விலாசம் அது."

"மத்த மூண்டு பேரையும்..."

"ஒவ்வொருத்தரா எடுத்தன். இரத்தம் குடுக்கப் போறவனைச் செக்பொயின்ட்ல மறிக்கிறல்ல. அதான் அப்பிடிக் கூப்பிட்டன்."

"புஷ்பவதி அக்கா அழுறா வாப்பா. அவக்காவது சொல்லியிருக்கலாம்."

"தெரிஞ்ச பொஞ்சாதி அப்பிடி அழமாட்டா. அழுகை கேக்காத வீட்டைத்தான் அவங்க சந்தேகப்படுவாங்க."

"இவ்வளவு யோசிச்ச நீங்க, ஏன் கொப்பியில எழுதினீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். தலையில் கிறீஸ் அப்பியது.

"பதினாலு வருசப் பழக்கம். மூண்டு மணித்தியாலம் வீணாப் போகப்படாதெண்டு... கை தானா எழுதிட்டு."

றம்ஸியா சட்டைக் கையிலிருந்து கிழித்த பக்கத்தை எடுத்து நீட்டினாள்.

"குறிஞ்சாக்கேணி எண்டு நான் சொல்லல்ல. மே மாசப் பக்கத்தில கிடந்த வேற விலாசத்தைச் சொன்னன். ஆள் இப்ப வானை அங்க அனுப்பிட்டார். உங்களை இரவைக்குப் பாப்பமாம்."

"எந்த விலாசம்?"

"கந்தளாய், குளத்து ரோட், பச்சைக் கேற் வீடு."

வாப்பாவின் வாய் திறந்தது. திறந்தபடி நின்றது.

"மகள்... அங்க எதுக்குப் போன எண்டு வாசிக்கல்லையா?"

"நேரம் இருக்கல்ல. அங்க ஆரு இருக்கிற?"

"பெரிய பொலிஸ் ஐயா. பத்து மாங்கண்டு நட்டுக் குடுத்தம். வாசல்ல நாலு பேர் துவக்கோட நிப்பாங்க."

"தலைவருக்கு அது தெரியாதா? அந்தப் பக்கத்தில அவர்ட கையெழுத்து இருக்கே."

"அந்தாள் எந்தப் பக்கத்தை வாசிச்சுக் கையெழுத்து வச்ச? மாங்கண்டு நட்ட அண்டும் ஆள் கொழும்பில."

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாலரை.

வாப்பா ஷட்டரை உள்ளிருந்து இழுத்துப் பூட்டினார். வீட்டுக்குப் போனால் உம்மாவுக்கும் ஆபத்து. போகாவிட்டால் இரவு முழுக்க இந்த எண்ணெய் நாற்றத்துக்குள். வெளியே ஏதாவது வாகனம் வேகம் குறைத்தால் றம்ஸியா ஷட்டர் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

ஐந்து...

ஐந்தரை...

ஆறு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. வாப்பா எடுக்கவில்லை. றம்ஸியா எடுத்தாள்.

"ஆரு, மகளா?" கந்தளாய் அரிசி ஆலைக்கார ஆதம்பாவா. கழகத்து உறுப்பினர். "வாப்பாட்ட சொல்லுங்க, இங்க பெரிய கூத்து. ஒரு வெள்ளை வான் வந்து, பொலிஸ் ஐயாட கேற்றை இடிச்சுக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டு. ஐயா வாசல்ல கதிரை போட்டு இருந்திருக்கார். வானில வந்த நாலு பேரையும் முற்றத்தில குப்புறப் படுக்க வச்சிருக்கு."

"ஆக்கள் ஆராம்?"

"அதை அவர் கேக்கல்ல. அனுப்பினது ஆர் எண்டு மட்டும் கேட்டிருக்கார். ஒருத்தனும் வாய் திறக்கல்ல. டிரைவர்ட போனை எடுத்துக் கடைசியா வந்த நம்பரை அமத்தியிருக்கார். எடுத்தவர் 'மூண்டு பேரும் கிடைச்சாச்சோ' எண்டு கேட்டாராம். மகள், நம்புவீங்களா? அது எங்கட தலைவர் தவராசாட நம்பராம். அவரைப் பிடிக்க ஜீப் இப்ப உவர்மலைக்கு வருது."

றம்ஸியா ரிசீவரை வைத்தாள். சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையிலிருந்த கிறீஸைச் சாரத்தில் துடைத்தார்.

"மகள்."

"ம்..."

"என்னை ஆள் பிடிச்சுக் குடுக்கிறவன் எண்டு நெசமாவே நினைச்ச?"

"ஓம் வாப்பா."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு ரெண்டு மணித்தியாலம்."

அவர் பெருமூச்சு விட்டார்.

"உங்க உம்மா இருபது வருசமா என்னைச் சந்தேகப்படுறா. ஒரு நாளாவது தலைவர்ட்ட போய்ச் சொல்லியிருக்காவா?"